நீந்துவதற்கான கடற்கன்னி வால்: துணி, வெட்டு, தையல்

கடற்கன்னி வாலில் இரண்டு வகை உண்டு. படம் பிடிக்கவும் மேடையில் அமர்ந்திருக்கவும் தைப்பது ஒன்று. தண்ணீரில் நீந்தத் தைப்பது மற்றொன்று. முதல் வகைக்குக் கைக்குக் கிடைத்த துணி போதும். ஜிகினா, கல், மணி எதையும் வைத்துக்கொள்ளலாம். இரண்டாவதை உடை என்பதைவிட நீச்சல் கருவி என்பதே சரி. அதில் எடுக்கும் ஒவ்வொரு முடிவும் இரண்டு கேள்விகளுக்குப் பதில் சொல்லியாக வேண்டும்: உள்ளே தண்ணீர் தேங்குமா? அவசரத்தில் ஒரே இழுப்பில் கழருமா? தொளதொளவென்று தைத்த வால் தண்ணீரை வாங்கிக் குடைபோல் விரிந்து, நீந்துபவரைப் பின்னுக்கு இழுக்கும். அளவுக்கு மீறி இறுக்கிய வால் கால்களை விடாது. இந்த இரண்டுக்கும் இடையில் சரியான அளவைப் பிடிப்பதுதான் வேலையின் சாரம். அழகு அதற்குப் பிறகு வருவது.

தொழில்முறைக் கலைஞர்கள் அணியும் சிலிக்கோன் வால்கள் 10 கிலோவுக்கு மேல் எடை இருக்கும். அணியவும் கழற்றவும் துணைக்கு ஆள் வேண்டும். துணி வால் உள்ளிருக்கும் துடுப்பை நீக்கினால் அரைக் கிலோகூட வராது. தானே அணிந்து தானே கழற்றலாம். வீட்டில் தைக்க ஏற்றது அதுதான். இங்கே எடுத்துக்காட்டாக வருவது, நன்றாக நீந்தத் தெரிந்த பத்து வயதுச் சிறுமிக்கான வால். பெரியவர்களுக்கும் முறை இதேதான். அளவுகள் மட்டும் மாறும்.

துணி

கேட்டு வாங்க வேண்டியது நீச்சலுடைத் துணி. பெரும்பாலும் அது 80 சதவீதம் நைலானும் 20 சதவீதம் ஸ்பான்டெக்ஸும் கலந்த பின்னல் துணி. எடை சதுர மீட்டருக்கு 180 முதல் 220 கிராம் வரை இருந்தால் வாலுக்குப் பொருந்தும். ஸ்பான்டெக்ஸ் இழையை டியூபான்ட் நிறுவனத்தின் வேதியியலாளர் ஜோசப் ஷிவர்ஸ் 1958இல் உருவாக்கினார். அந்நிறுவனம் அதற்கு வைத்த வணிகப் பெயர் லைக்ரா. நம் கடைகளில் இழுத்தால் நீளும் துணி எல்லாமே இன்று லைக்ராதான். சிக்கலும் அங்கேதான் தொடங்குகிறது. வெறுமனே லைக்ரா என்று கேட்டால் கடைக்காரர் எடுத்துப் போடுவது லெகிங்ஸ் தைக்கும் காட்டன் லைக்ராவாக இருக்கலாம். திருப்பூரில் பின்னிக் குவியும் அந்தத் துணி வீட்டில் உடுத்த அருமையானது, வாலுக்கு ஆகாது. பருத்தி தண்ணீரை உறிஞ்சிக் கனத்து, முழங்காலில் தொய்ந்து, இடுப்பிலிருந்து நழுவும். காயவும் நாளாகும்.

வாங்கும்முன் கடையிலேயே மூன்று சோதனைகள் செய்யலாம். துணியின் ஓரத்தில் 10 செ.மீ. அளவைப் பிடித்து இழுக்க வேண்டும். சிரமமில்லாமல் 15 செ.மீ. வரை வர வேண்டும். விட்டதும் பழைய அளவுக்கே திரும்ப வேண்டும். 11 செ.மீ.யில் நின்றுவிட்டால் ஸ்பான்டெக்ஸ் குறைவு, அல்லது துணி பழசு. அடுத்து, அதையே குறுக்கு, நெடுக்கு இரண்டு வாட்டத்திலும் செய்து எது அதிகம் நீள்கிறது என்று பார்த்துச் சாக்பீஸால் ஒரு அம்புக்குறி போட்டுக்கொள்ள வேண்டும். வெட்டும்போது இந்தக் குறி இல்லாமல் முடியாது. மூன்றாவதாக, இழுத்துப் பிடித்தபடி வெளிச்சத்தில் பார்ப்பது. செதில் அச்சடித்த துணிகள் பலவற்றில் அடித்துணி வெள்ளை. இழுத்தால் வண்ணத்துக்கு நடுவே அந்த வெள்ளை பல்லிளிக்கும். வால் எப்போதும் இழுபட்ட நிலையில்தான் உடலில் இருக்கும் என்பதால், மடிப்பில் பார்த்து மயங்கிய அச்சு அணிந்தபின் வெளிறித் தெரியும்.

நீச்சல் குளத்து நீரில் கலக்கும் குளோரின் ஸ்பான்டெக்ஸை அரிக்கும். எப்போதாவது அணிபவருக்கு இது பெரிய விஷயமல்ல. வாரத்தில் இரண்டு மூன்று நாள் குளத்துக்குப் போகிறவருக்குப் பாலியெஸ்டர் கலந்த நீச்சலுடைத் துணி நல்லது. அதன் நீட்சி சற்றுக் குறைவு, ஆனால் உழைப்பு அதிகம். ஜமிக்கி தைத்த துணியை நீந்தும் வாலுக்கு எடுக்கவே கூடாது. உள்பக்கம் தோலைக் கீறும், குளத்து வடிகட்டியில் ஜமிக்கிகள் போய்ச் சேரும், ஊசிக்கும் கேடு.

அளவு: 150 செ.மீ. அகலத் துணி என்றால் சிறுமிக்கு ஒன்றேகால் மீட்டர் போதும். பெரியவருக்கு ஒன்றே முக்காலிலிருந்து இரண்டு மீட்டர் வரை வேண்டும். நூல் பாலியெஸ்டரே ஆக வேண்டும். பருத்தி நூல் குளோரினில் இற்றுப்போகும். ஓவர்லாக் மெஷின் இருந்தால் அதன் லூப்பரில் உப்பிய நைலான் நூலைப் போடலாம். அது தையலோடு சேர்ந்து நீளும், தோலிலும் உறுத்தாது. ஊசி, பின்னல் துணிக்கென்றே விற்கும் உருண்டை முனை ஊசி, 75/11 அளவு. சாதாரணக் கூர்முனை ஊசி ஸ்பான்டெக்ஸ் இழையைக் குத்தி அறுக்கும். தையல் ஓரத்தில் வரிசையாகச் சிறு ஓட்டைகள் விழுவது அதனால்தான்.

துடுப்பு

துணி வாலுக்கு உள்ளே இருந்து தண்ணீரைத் தள்ளுவது மோனோஃபின். இரண்டு பாதங்களையும் ஒரே தகட்டில் பொருத்தும் துடுப்பு அது. 1970களின் தொடக்கத்தில் சோவியத் நாட்டுத் துடுப்பு நீச்சல் வீரர்கள் போட்டிகளில் கொண்டுவந்தது; மூச்சடக்கி ஆழத்தில் நீந்துவோரும் பின்னர் எடுத்துக்கொண்டார்கள். மோனோஃபின் இல்லாத துணி வால் வேகம் தராது. விசிறி போன்ற முனை துவண்டு தொங்கும், கால்கள் கட்டுண்டது மட்டுமே மிச்சம். எனவே துடுப்பு இல்லாத வாலைத் தண்ணீருக்குள் கொண்டுபோகவே கூடாது.

மோனோஃபினைக் காசு கொடுத்து வாங்குவதே நல்லது. இரண்டு சாதாரண நீச்சல் துடுப்புகளை பிளாஸ்டிக் தகட்டில் திருகாணியால் முடுக்கி வீட்டிலேயே செய்துகொள்வோர் உண்டு. தகட்டின் ஓரம் சரியாகத் தேய்க்கப்படாவிட்டால் துணியை முதலில் கிழிக்கும், பிறகு பக்கத்தில் நீந்துபவரின் காலை. தகடு வளையும் அளவும் பிடிபடாது: வளையாத தகடு கணுக்காலை வருத்தும், அதிகம் வளைந்தால் தள்ளாது. குழந்தைகளுக்கு இந்த வீட்டுத் துடுப்பு வேண்டவே வேண்டாம். வாங்கும்போது பார்க்க வேண்டியது ஒன்றுதான்: பாதம் நுழையும் பகுதி ரப்பராகவோ நியோப்ரீனாகவோ இருந்து, குதிகாலை உதறினால் பாதம் வெளியே வர வேண்டும். கொக்கி, பக்கிள், பூட்டு எதுவும் இருக்கக் கூடாது.

துடுப்பு கையில் வந்த பிறகுதான் பேட்டர்ன் வரைய வேண்டும். துடுப்புக்கு ஏற்ப வாலை வெட்டலாம். வெட்டிய வாலுக்கு ஏற்பத் துடுப்பு கிடைக்காது.

அளவெடுப்பதும் பேட்டர்னும்

அணிபவர் நீச்சலுடையில், கால்களைச் சேர்த்து நிற்க வேண்டும். இன்ச் டேப்பை இரண்டு கால்களையும் சேர்த்துச் சுற்றி ஆறு இடங்களில் அளவெடுக்க வேண்டும்: இடுப்பு, சீட், நடுத்தொடை, முழங்கால், கெண்டைக்கால், கணுக்கால். ஒவ்வொன்றும் இடுப்பிலிருந்து எவ்வளவு கீழே இருக்கிறது என்பதையும் குறிக்க வேண்டும். சிறுமிக்கு அளவுகள் இப்படி இருப்பதாகக் கொள்வோம்: இடுப்பு 58 செ.மீ., சீட் 70, தொடை 64, முழங்கால் 50, கெண்டைக்கால் 46, கணுக்கால் 34. இடுப்பிலிருந்து கீழ்நோக்கி சீட் 15 செ.மீ., தொடை 30, முழங்கால் 46, கெண்டைக்கால் 56, கணுக்கால் 77.

சுடிதாருக்கும் சட்டைக்கும் உடல் அளவோடு லூஸ் சேர்த்து வெட்டுவது வழக்கம். இங்கே தலைகீழ். உடல் அளவிலிருந்து பத்து சதவீதம் குறைத்து வெட்டினால்தான் துணி இழுபட்டு உடலோடு ஒட்டும். நனைந்த நைலான் இன்னும் கொஞ்சம் இளகும் என்பதால் இந்தக் குறைப்பு தேவை. சீட் 70 செ.மீ. என்றால் 63, அதில் கால்பங்கு 15.75. பேட்டர்ன் தாளை நெடுக்காக மடித்து, மடிப்புக் கோட்டை வாலின் நடுக்கோடாகக் கொண்டால், அந்த இடத்தில் கோட்டிலிருந்து 15.75 செ.மீ. தள்ளி ஒரு புள்ளி. இப்படியே இடுப்புக்கு 13, தொடைக்கு 14.4, முழங்காலுக்கு 11.25, கெண்டைக்காலுக்கு 10.35.

கணுக்காலில் மட்டும் குறைக்கவே கூடாது. வாலின் மிக ஒடுங்கிய இடம் அது. அவசரத்தில் குதிகால் தடுக்கி நிற்பதும் அங்கேதான். 34 செ.மீ. அப்படியே இருக்கட்டும், கால்பங்கு 8.5. அழகுக்காக அந்த இடத்தை மேலும் ஒடுக்குவது பலருக்கும் வரும் ஆசை. அணிந்தவரின் பாதம் வெளியே வர வேண்டிய வழி அது என்று தெரிந்தால் ஆசை அடங்கும். நீளத்தில் மொத்தமாக 3 செ.மீ. குறைத்தால் போதும், அதை முழங்காலுக்கு மேலே பாதி, கீழே பாதி எனப் பிரித்துக்கொள்ளலாம். கூடுதலாகக் குறைத்தால் ஒவ்வொரு உதைக்கும் வால் இடுப்பைக் கீழே இழுக்கும்.

புள்ளிகளை இணைக்கும் கோடு வளைந்து ஓட வேண்டும். முழங்காலுக்கு அருகே சட்டென்று உள்ளே ஒடிந்தால் தைத்தபின் அங்கே சுருக்கம் விழும்.

கணுக்காலுக்குக் கீழே விசிறி. மோனோஃபினைத் தாளின் நடுக்கோட்டில் வைத்து, அதைச் சுற்றிப் பென்சிலால் வரைய வேண்டும். தகட்டுப் பகுதிக்கு வரைந்த கோடே அளவு, குறைப்பு இல்லை. குறைத்தால் துணி தகட்டை வளைத்துக் கிண்ணமாக்கிவிடும். பாதம் நுழையும் பகுதி தடிமனானது, அங்கே இருபுறமும் 2 செ.மீ. கூட்ட வேண்டும். விசிறியின் இரு முனைகளையும் தகட்டைவிட நீளமாக, கூர்மையாக இழுத்து வரைந்தால் பார்க்க நன்றாக இருக்கும். ஆனால் உள்ளே தாங்க ஒன்றும் இல்லாத துணி தண்ணீரில் துவளும். 2 செ.மீ. வரை நீட்டலாம், அதற்குமேல் வேண்டாம். விசிறியின் தோளும் கணுக்காலும் சேரும் உள்வளைவு மெதுவாகத் திரும்பட்டும். கூர்மையான மூலை முதலில் பிரியும்.

பெரியவர்களுக்கு வரையும்போது முதுகுப் பக்கத் துண்டின் இடுப்பு விளிம்பை 3 செ.மீ. உயர்த்த வேண்டும். குனிந்து உதைக்கும்போது பின்பக்கம் இறங்காமல் இருக்க அது உதவும். சிறுமிக்கு முன், பின் இரண்டும் ஒரே வடிவமாக இருந்தால் போதும். கடைசியாகச் சுற்றிலும் தையலுக்கு 1 செ.மீ., இடுப்பில் எலாஸ்டிக் மடிப்புக்கு 2.5 செ.மீ. விட்டுத் தாளை வெட்ட வேண்டும்.

வெட்டுவதற்குமுன் துணியை ஒருமுறை குளிர்ந்த நீரில் அலசி நிழலில் காயவைக்க வேண்டும். அதிகம் நீளும் வாட்டம் உடலைச் சுற்றி வருமாறு பேட்டர்னை வைக்க வேண்டும். சில நீச்சலுடைத் துணிகள் நெடுக்குவாட்டத்தில்தான் அதிகம் நீளும். அப்படியானால் பேட்டர்னைத் திருப்பி, துணியின் அகலத்தில் படுக்கவைக்க வேண்டியிருக்கும், 150 செ.மீ. அகலத்தில் சிறுமியின் வால் தாராளமாக அடங்கும். செதில் அச்சிருந்தால் திருப்பும்போது செதில்கள் பக்கவாட்டில் படுத்துவிடும் என்பதையும் யோசித்தே துணி எடுக்க வேண்டும். குண்டூசிகளைத் தையல் விளிம்புக்குள் மட்டும் குத்த வேண்டும். மேசையிலிருந்து துணி தொங்கினால் தன் எடையிலேயே நீளும், வெட்டியபின் கோணிப்போகும். எனவே முழுத் துணியும் தரையில் விரிந்திருப்பது நல்லது.

செதில்

ஒற்றை நிறத் துணியில் செதில் வரைவதாக இருந்தால், தைப்பதற்குமுன் செய்வதே எளிது. வாலில் துணி எவ்வளவு இழுபடுமோ அவ்வளவு இழுத்து அட்டையில் பின் குத்திக்கொள்ள வேண்டும். தளர்ந்த துணியில் வரைந்தால் அணிந்ததும் வண்ணம் விரிசல் விடும். துணிக்கென்று விற்கும், நீளக்கூடிய வண்ணமே வேண்டும். சாதாரண அக்ரிலிக் உடையும். பழம், வெங்காயம் வரும் நெகிழி வலையை இழுத்து விரித்து மேலே வைத்து, பஞ்சால் வண்ணத்தை ஒற்றி எடுத்தால் வரிசை பிசகாத செதில்கள் கிடைக்கும். இடுப்பருகே அடர்த்தியாகவும் கீழே போகப்போக மங்கலாகவும் ஒற்றுவது ஒரு வழி. வண்ணப் பொட்டலத்தில் சொன்னபடி உலரவிட்டு, மேலே மெல்லிய துணி போட்டு மிதமான சூட்டில் இஸ்திரி போட வேண்டும். ஸ்பான்டெக்ஸுக்கு அதிகச் சூடு ஆகாது.

தையல்

முதல் விதி: நேர் தையல் வேண்டாம். துணி நீளும், நேர் தையல் நீளாது. குளத்தில் முதல் உதையிலேயே நூல் அறும். ஜிக்ஜாக் உள்ள மெஷினில் அகலம் 1 மி.மீ., நீளம் 2.5 மி.மீ. வைத்துத் தைக்க வேண்டும். பார்வைக்கு நேர்கோடு மாதிரியே இருக்கும், ஆனால் துணியோடு நீளும். அதற்கு வெளியே, தையல் விளிம்பில், அகலம் 3 மி.மீ. உள்ள இன்னொரு ஜிக்ஜாக். இந்த இரட்டைத் தையல்தான் வாலைக் காக்கும். ஓவர்லாக் மெஷின் இருந்தால் நான்கு நூல் தையல் மட்டுமே போதும். தெருமுனைத் தையல் கடைகளில் அடித்துத் தருவது பெரும்பாலும் மூன்று நூல் ஓவர்லாக். அதை மட்டும் நம்பக் கூடாது. இழுத்தால் தையல் விரிந்து பல் தெரியும். வீட்டில் ஜிக்ஜாக் போட்டுவிட்டு, விளிம்புக்கு மட்டும் கடையில் ஓவர்லாக் அடித்துக்கொள்ளலாம். நேர் தையல் மட்டும் உள்ள மிதி மெஷினில் நீந்தும் வால் தைக்காமல் இருப்பதே நல்லது.

வெட்டி எஞ்சிய துண்டில் முதலில் தைத்துப் பார்க்க வேண்டும். பத்து செ.மீ. தைத்து, முழு பலத்தோடு இழுக்கும்போது நூல் பட்டென்று அறுந்தால் மேல் நூலின் இறுக்கத்தைத் தளர்த்த வேண்டும், அல்லது ஜிக்ஜாக்கை அகலப்படுத்த வேண்டும். தையல் இடையிடையே விட்டுப்போனால் குறை ஊசியில். புது ஊசி போட்டால் பாதிக் குறை தீரும். தொடக்கத்தில் மெஷின் துணியை உள்ளே இழுத்து விழுங்கினால், அடியில் ஒரு பட்டர் பேப்பர் துண்டை வைத்துத் தைத்துவிட்டுப் பிறகு கிழித்தெடுக்கலாம். எங்கேயும் துணியைக் கையால் இழுத்துத் தைக்கக் கூடாது. மெஷினின் பற்கள் இழுக்கும் வேகத்துக்கு விட்டுவிட வேண்டும். இழுத்தால் தையல் அலையலையாக வரும்.

இனி வரிசை. முதலில் விசிறியின் இரு முனைகளுக்கும் உள்பக்கம் ஒட்டுத்துணி. குளத்தின் தரையிலும் படிக்கட்டிலும் உரசி ஓட்டை விழுவது அங்கேதான். அதே துணியில் ஒரு முக்கோணம், அல்லது மெல்லிய நியோப்ரீன் துண்டு போதும். அதைத் துண்டுகள் தனித்தனியாக இருக்கும்போதே தைத்துவிட வேண்டும்.

பிறகு இரண்டு துண்டுகளின் நல்ல பக்கங்களும் ஒன்றையொன்று பார்க்க வைத்து, ஊசி குத்தி, இடுப்பிலிருந்து கீழாக ஒரு பக்கத்தைத் தைக்க வேண்டும். மறுபக்கத்தையும் இடுப்பிலிருந்தே தொடங்க வேண்டும். ஒரு பக்கம் மேலிருந்தும் மறுபக்கம் கீழிருந்தும் தைத்தால் வால் முறுக்கிக்கொள்ளும். விசிறியின் தோள் வளைவில் இன்னொரு வரிசை கூடுதலாக ஓட்டிவிட்டு, தையல் விளிம்பில் சிறு வெட்டுகள் கொடுக்க வேண்டும். வெட்டு தையலைத் தொடக் கூடாது, 2 மி.மீ. முன்னதாக நிற்க வேண்டும். ஓவர்லாக் அடித்த வளைவுக்கு இந்த வெட்டு தேவையில்லை.

விசிறியின் அடிவிளிம்பில் நடுவே ஒரு திறப்பு விட வேண்டும். மோனோஃபின் அதன் வழியாகத்தான் உள்ளே போகும். துவைக்கும்போது வெளியே வரும். தகட்டின் அகலத்தில் பாதிக்குக் குறையாத திறப்பு வேண்டும். தகட்டைச் சாய்த்து வளைத்து நுழைக்கலாம். திறப்பை மூட நைலான் ஜிப் நல்லது, ஓட்டியும் பிளாஸ்டிக்காக இருக்க வேண்டும். உலோக ஜிப் துருப்பிடிக்கும், துணியில் கறை விடும். வெல்க்ரோ எளிதுதான், ஆனால் அதன் கொக்கிகள் நீச்சலுடைத் துணியில் மாட்டி இழை இழையாக இழுத்துவிடும். இந்த ஜிப் துடுப்பை வைக்க மட்டும்தான்; அணிபவர் நுழைவதும் வெளிவருவதும் எப்போதும் இடுப்பு வழியாகத்தான். முதுகுப் பக்கம் நீள ஜிப் வைப்பதும், பக்கவாட்டில் நாடா கோத்துக் கட்டுவதும் மேடை வாலுக்கு மட்டுமே உரியவை. நனைந்த முடிச்சு தண்ணீருக்குள் அவிழாது.

அடுத்தது வடிகால். அடிவிளிம்பின் இரண்டு ஓரத்திலும் தையலுக்கு அருகே விரல்நுனி அளவில் ஒரு துளை வீதம் காஜா தையல் போட்டுத் திறக்க வேண்டும். சிறிய வேலை, ஆனால் முக்கியமானது. தண்ணீரில் இறங்கும்போது விசிறிக்குள் அடைபட்ட காற்று வெளியேற வழி இல்லாவிட்டால் கால்கள் மேலே மிதக்கும், தலை கீழே போகும். கரையேறும்போது தண்ணீர் வடியவும் அதே துளைதான்.

கடைசியாக இடுப்பு. நீச்சலுடை எலாஸ்டிக் 2 செ.மீ. அகலத்தில் வேண்டும், பாவாடைக்குப் போடும் எலாஸ்டிக் குளோரினில் சீக்கிரம் தளர்ந்துவிடும். நீளம் இடுப்பளவில் பத்து சதவீதம் குறைவு: 58 செ.மீ. இடுப்புக்கு 52, இணைக்க 2 செ.மீ. கூடுதல். வளையமாக இணைத்து நான்கு இடங்களில் குறியிட்டு, வாலின் இடுப்பையும் நான்காகக் குறித்து, குறியோடு குறி சேர்த்துப் பின் குத்த வேண்டும். இங்கே மட்டும் எலாஸ்டிக்கை இழுத்துத் தைக்கலாம், தைத்தே ஆக வேண்டும். ஜிக்ஜாக் போட்டு, ஒருமுறை உள்ளே மடித்து, அகலமான ஜிக்ஜாக்கால் மீண்டும் மூட வேண்டும். எலாஸ்டிக் வயிற்றில் தடம் பதிக்கும் அளவுக்கு இறுகினால் பிரித்து, நீளமாகப் போட்டுவிட வேண்டும்.

தண்ணீருக்குப் போகும்முன்

முதல் சோதனை தரையில். துடுப்பை உள்ளே வைத்து, பாய் விரித்து உட்கார்ந்து அணிய வேண்டும். வாலை அணிந்து நிற்பதும் குதிப்பதும் கூடாது. கீழே விழுவதற்கு அது நேர்வழி. துணி சுருக்கமில்லாமல் ஒட்டியிருக்கிறதா, முழங்காலை மடக்க முடிகிறதா என்று பார்க்க வேண்டும். பிறகு இரண்டு கட்டைவிரல்களையும் இடுப்பு விளிம்புக்குள் விட்டுக் கீழே தள்ளி, பாதத்தை உதறிக் கழற்ற வேண்டும். ஐந்து எண்ணுவதற்குள் வெளியே வர முடியாத வாலைத் தண்ணீருக்கு எடுத்துச்செல்லக் கூடாது. தடை பெரும்பாலும் கணுக்காலில் இருக்கும். அங்கே தையலைப் பிரித்துச் சற்று வெளியே தள்ளித் தைத்தால் சரியாகும். தையலுக்கு விட்ட விளிம்பு போதாவிட்டால் பக்கத்தில் ஒரு பட்டைத் துணி சேர்க்கலாம். உள்ளே எப்போதும் நீச்சலுடை இருக்க வேண்டும், ஏனெனில் தண்ணீரில் வாலைக் கழற்றி விட்டுவிட நேரலாம்.

இரண்டாவது சோதனை குளத்தில், அணிபவர் நின்றால் மார்பளவு தண்ணீர் உள்ள இடத்தில், கைக்கெட்டும் தூரத்தில் நீந்தத் தெரிந்த ஒரு பெரியவர் நிற்கும்போது. கரையில் உட்கார்ந்து வாலை நனைத்து, அடியிலிருந்து இடுப்பு வரை கையால் தடவிக் காற்றை வெளியேற்றிவிட்டு மெதுவாக இறங்க வேண்டும். முதல் வேலை நீந்துவதல்ல: மல்லாந்து மிதப்பது, குப்புறக் கிடந்து மல்லாந்து திரும்புவது, தண்ணீருக்குள் வாலைக் கழற்றுவது. இவை மூன்றும் பழகிய பிறகுதான் உதை. வால் இல்லாமல் 25 மீட்டர் நீந்தவும் மிதக்கவும் தெரியாதவருக்கு வால் கொடுக்கக் கூடாது. நீச்சல் கற்றுக்கொடுக்கும் கருவி அல்ல அது.

உதை இடுப்பிலிருந்து, பட்டாம்பூச்சி நீச்சலின் டால்ஃபின் உதை போல அலையாக வர வேண்டும். முழங்காலை மடக்கி உதைத்தால் துடுப்பு தண்ணீரைத் தள்ளாமல் உழும், துணியும் முழங்காலில் சேர்ந்துவிடும்.

மூச்சடக்கும் போட்டி வேண்டாம். அமெரிக்காவின் ஃப்ளோரிடாவில் வீக்கி வாச்சி நீரூற்றில் 1947இல் தொடங்கிய கடற்கன்னி நிகழ்ச்சியைப் படங்களில் பார்ப்பவருக்கு, அந்தப் பெண்கள் நிமிடக்கணக்கில் மூச்சில்லாமல் இருப்பதுபோல் தோன்றும். உண்மையில் அவர்கள் நீருக்கடியில் வைத்த காற்றுக் குழாய்களிலிருந்து மூச்சு இழுத்துக்கொள்கிறார்கள். வேகவேகமாக மூச்சு வாங்கிவிட்டு மூழ்குவது நீருக்குள் மயக்கத்தில் கொண்டுவிடும். கிணறு, ஆறு, ஏரி, கடல் எதிலும் வால் அணியக் கூடாது: அலையும் நீரோட்டமும் கட்டுண்ட கால்களை மன்னிக்காது, செடியும் முள்ளும் துணியில் மாட்டும். பல பொதுக் குளங்களில் மோனோஃபினுக்கு அனுமதி இல்லை. தைக்கத் தொடங்கும்முன்பே குளத்தின் பொறுப்பாளரைக் கேட்டுவிடுவது துணிச் செலவை மிச்சப்படுத்தும். பாடி, எஸ்.எஸ்.ஐ. போன்ற நீர்விளையாட்டுப் பயிற்சி அமைப்புகள் கடற்கன்னி நீச்சலுக்கென்றே வகுப்புகள் வைத்திருக்கின்றன. பெரியவர்கள் அவற்றில் சேர்ந்து பழகலாம்.

பராமரிப்பு

நீந்தி முடித்ததும் துடுப்பை வெளியே எடுத்து, வாலை நல்ல தண்ணீரில் அலச வேண்டும். முறுக்கிப் பிழியக் கூடாது. துண்டில் சுருட்டி அழுத்தினால் தண்ணீர் போகும். வெயிலில் போட்டால் நிறமும் ஸ்பான்டெக்ஸும் சேர்ந்து போகும், நிழல் போதும். ப்ளீச்சும் டிரையரும் கூடாது. சிமென்ட் கரையில் உட்காரும்போது கீழே ஒரு துண்டு விரித்துக்கொண்டால் பின்பக்கம் நூல் எழாது. விசிறி முனையில் ஓட்டை தெரிந்தால் அடுத்த நீச்சலுக்குமுன் ஒட்டுப்போட வேண்டும்; பின்னல் துணியில் ஓட்டை ஓடிக்கொண்டே போகும்.

வெளிச்சத்தில் பிடித்தால் துணி கண்ணாடிபோல் தெரிவதும், இழுத்து விட்டால் மீளாமல் நிற்பதும் ஸ்பான்டெக்ஸ் செத்துவிட்டதன் அறிகுறிகள். அந்த வாலை இனி படம் பிடிக்க மட்டும் வைத்துக்கொள்ளலாம், தண்ணீருக்கு ஆகாது. வளரும் குழந்தைக்கு அதற்குமுன்பே அளவு போதாமல் போய்விடும். ஆண்டுக்கு ஒருமுறை புதிதாக அளவெடுத்து, கணக்கை மறுபடி போட்டு, புதுத் துணியில் வெட்டுவதே முறை. பாதம் பொருந்தும் வரை மோனோஃபினையும் விசிறியின் பேட்டர்ன் தாளையும் அப்படியே பயன்படுத்தலாம்.